உதவித்தொகைக்கு வயது வரம்பு எதற்கு? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிக் கழிப்பாயோ என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, உங்கள் சங்கம் கல்வி உதவித்தொகை ஒன்றைத் தொடங்கவிருப்பதும் அதற்கான விதிகளை எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதும் மிகுந்த மகிழ்ச்சி அளிக்கும் செய்தி. இங்கு அனைவரும் நலம். பேத்தி படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்பது ஒன்றுதான் புதிய செய்தி.

விண்ணப்பதாரருக்கு இருபத்தைந்து வயது வரம்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். இளையவருக்குச் செலவிடும் பணம் நெடுங்காலம் பயன் தரும் என்று குழுவில் சிலர் வாதிடுவதாகவும், ஒருவர் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறாய். சில ஆண்டுகளாக இங்கே இதைப் போன்ற ஒரு நிதியின் தேர்வுக்குழுவில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்த வரம்பை வைக்காதே. ஐம்பது வயதில் விண்ணப்பப் படிவத்தை வாங்கிச் செல்பவர் வளையத் தயாராகத்தான் வந்து நிற்கிறார்.

உரிய வயதில் படிப்பை விட்டவர்களில் பெரும்பாலோர் ஆர்வமின்மையால் விட்டவர்கள் அல்லர். தந்தை இறந்த ஆண்டிலேயே வேலைக்குப் போனவர்கள், தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டவர்கள், நோயுற்ற ஒருவரைக் கவனிக்க வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். வயது வரம்பு விதிக்கும்போது, ஒருமுறை குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தவரையே இரண்டாம் முறையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம். கென்யாவில் 2003ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வியில் கட்டணம் நீக்கப்பட்டபோது, அதை எண்ணியவர்கள் மனத்தில் சிறு பிள்ளைகள்தாம் இருந்திருப்பார்கள். ஆனால், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கிமானி மாருகே என்ற எண்பத்து நான்கு வயது முதியவர் எல்டோரெட் அருகே ஒரு பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தார். தடையாக இருந்த கட்டணம் விலகியதும் அவர் வந்துவிட்டார். 2005ஆம் ஆண்டில் நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் அவையில், இலவசத் தொடக்கக் கல்விக்காக அவர் பேசவும் செய்தார்.

கொடுப்பவர்களின் பக்கம் பார்த்தாலும் இதே உண்மை தெரிகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்ற ஊரில் ஓசியோலா மக்கார்ட்டி என்ற பெண்மணி வாழ்நாள் முழுவதும் பிறர் துணிகளைத் துவைத்துத் தேய்த்துப் பிழைத்தவர். நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1995ஆம் ஆண்டில், தம் எண்பத்தேழாம் வயதில், சேமிப்பிலிருந்து ஒன்றரை லட்சம் டாலரை, வறிய மாணவர்களின் உதவித்தொகைக்காக, சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு அளிக்க ஏற்பாடு செய்தார். செய்தி பரவியதும் ஊரார் பலர் தாங்களும் அந்த நிதியில் சேர்த்தார்கள். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அவருடைய நாற்பதாம் வயதில் யாரேனும் அவரிடம் ஒரு படிவத்தை நீட்டியிருக்கக் கூடாதா என்று எனக்கு மனம் தாங்குவதில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்ற உன் கவலைக்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில் இர்விங் ஃப்ராட்கின் என்ற கண் பரிசோதகர், 1950களின் இறுதியில், நகரத்தார் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் உள்ளூர்ப் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லி வசூலில் இறங்கினார். அந்த முயற்சி பிற ஊர்களுக்கும் பரவி, இன்று ஸ்காலர்ஷிப் அமெரிக்கா என்ற பெரிய அமைப்பாக நிற்கிறது. இரண்டு பெரிய நன்கொடையாளர்களைத் தேடி அலைவதைவிட, ஆயிரம் பேரிடம் சிறு தொகை கேட்பதையே நானும் விரும்புவேன். தன் காசும் அதில் இருக்கிறது என்னும்போது, அந்த மாணவர் தேர்வு எழுதினாரா, தேறினாரா என்று ஊரே விசாரிக்கத் தொடங்கிவிடும்.

இனி விதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தொடங்கப்படும் நிதிகள் பெரும்பாலும் படிவத்தில்தான் தடுக்கி விழுகின்றன. எங்கள் குழுவுக்குச் சென்ற முறை வந்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். நாற்பத்தேழு வயதுப் பெண்மணி. செவிலியர் உதவியாளர் பயிற்சியில் சேர விரும்பினார். நீல மையில் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார். "கடைசியாகப் படித்த பள்ளித் தலைமையாசிரியரின் பரிந்துரை" என்ற கட்டத்தில் மட்டும், பள்ளி மூடப்பட்டுவிட்டது என்றும், தலைமையாசிரியர் இப்போது இல்லை என்றும் இரண்டு வரி எழுதி, எழுதியதை அடித்துவிட்டு, மறுபடியும் அதையே எழுதியிருந்தார். அந்தக் கட்டத்தை வைத்துப் படிவத்தை அச்சிட்டவர்கள் பதினெட்டு வயதுக்காரரை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில், அவருடைய வேலையையோ பழக்கத்தையோ அறிந்த எவரும் பரிந்துரைக்கலாம் என்று மாற்றிவிட்டோம். பழைய மதிப்பெண்களுக்கு நாங்கள் கொடுத்துவந்த எடையையும் குறைத்துவிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மதிப்பெண் இன்றைய உழைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

முழுநேரப் படிப்புக்கு மட்டுமே உதவி என்ற விதியும் அப்படித்தான். குடும்பம் நடத்துபவர் வேலையை விட்டுவிட்டு வகுப்புக்கு வர முடியாது. இரண்டு பாடம், மூன்று பாடம் என்று படிப்பவருக்கும் அந்த அளவுக்கேற்பத் தொகை கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பி.இ.ஓ. என்ற பெண்கள் அமைப்பு, இடையில் படிப்பு நின்றுபோன பெண்களுக்கென்றே 1973ஆம் ஆண்டிலிருந்து தனி உதவித் திட்டம் நடத்திவருகிறது. அதாவது, மற்ற இடங்களில் குறையாகக் கருதப்படும் இடைவெளியே அங்கே தகுதியாகக் கொள்ளப்படுகிறது. உங்கள் விதிகளிலும் அப்படி ஒரு பிரிவு இருந்தால் மகிழ்வேன்.

கட்டணத்துக்கு மட்டும்தான் பணம் என்று எழுதிவிடாதே. பேருந்துச் செலவு, தேர்வுக் கட்டணம், மாலை வகுப்பு நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு ஆகியவைதாம் பலரை நடுவழியில் நிறுத்துகின்றன. பணம் கைக்கு வரும் நாளும் முக்கியம். முதலில் கட்டணத்தைச் செலுத்திவிட்டு ரசீதைக் காட்டுங்கள், பிறகு தருகிறோம் என்பது, செலுத்தப் பணமில்லாதவரிடம் சொல்லக்கூடிய சொல்லா? கடைசித் தேதிக்கு முன்பே நேராகக் கல்வி நிறுவனத்துக்குக் கட்டிவிடுங்கள். ஆனால், அங்கும் ஒரு விஷயத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால், தாங்கள் தரும் சலுகையை அதே அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. அப்போது மாணவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஊரார் கொடுத்த பணம் நிறுவனத்தின் கணக்கை நிரப்பியதோடு சரி. மேரிலாந்து மாநிலம் 2017ஆம் ஆண்டில் தன் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றியது என்றால், இது எவ்வளவு பரவலான பழக்கம் என்று நீயே பார்த்துக்கொள்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. அவர்களுக்கு உதவ வேண்டும் என்பதில் உங்கள் குழுவில் கருத்து வேறுபாடே இல்லை என்று தெரிகிறது.

இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விழா நடத்தி, மேடையேற்றி, பெரிய அட்டையில் தொகையை எழுதிப் பயனாளியின் கையில் கொடுத்துப் படம் பிடிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து தொடங்காதே. வயதில் மூத்தவர்கள் அதற்கு அஞ்சியே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 2005ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திட்டம், அந்நகரப் பொதுப்பள்ளிகளில் படித்து முடிக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை, அவர்கள் அங்கே பயின்ற ஆண்டுகளுக்கேற்பச் செலுத்துகிறது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் தங்கள் பெயரை வெளியிடவில்லை. கொடுத்தவர்களே இவ்வளவு அடக்கமாக இருக்க முடியும் என்றால், வாங்குபவரின் பெயரையாவது நாம் ஊரறியச் செய்யாமல் இருக்கலாம். நன்றிக் கடிதம் எழுதக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

எத்தனை பேருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு என் பதில், முதல் ஆண்டில் குறைவாகத் தொடங்கு என்பதே. எடுத்துக்கொண்ட ஒருவரைப் படிப்பு முடியும்வரை தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும். ஓராண்டு கொடுத்துவிட்டு மறு ஆண்டு கைவிட்டால், அவர் கடனில் மாட்டிக்கொள்வார். நோயாலோ வேலையாலோ ஒரு பருவம் எழுத முடியாமல் போனவருக்கு, காரணத்தைக் கேட்டுவிட்டு இடைவேளை கொடுக்கவும் விதியில் இடம் வை.

விதிகளின் வரைவு தயாரானதும் படிவத்தையும் சேர்த்து அனுப்பிவை. எங்கள் படிவத்தின் திருத்திய பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். பயன்படுகிற பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பழமொழி சொன்ன அந்த நண்பரையும் தேர்வுக்குழுவிலேயே வைத்துக்கொள்; முதல் சுற்று விண்ணப்பங்களை அவர் கையில் கொடுத்து, முழுவதும் படிக்கச் சொல்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்