சுகர் நோட்டில் எழுதிய பொய்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

தை மாதம் முழுக்க உன்னிடம் பொய் சொன்னேன். சுகர் மீட்டர் 238 காட்டும். நோட்டில் 142 என்று எழுதி, அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். ஆனால் எச்பிஏ1சி பரிசோதனையிடம் இந்த வேலை நடக்குமா? ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை வைத்து மூன்று மாதக் கதையையும் அது சொல்லிவிடுகிறது. 9.1 வந்தது.

திட்டு விழும் என்று ஆஸ்பத்திரியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே ஆலோசகராக இருக்கும் பெண், உன் வயதுதான் இருக்கும், "ஏன் சாப்பிட்டீங்க?" என்று கேட்கவே இல்லை. "ஒரு நாள்ல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்?" என்றாள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: நாலரை மணி, டீக்கடை, வாழைக்காய் பஜ்ஜி.

அவள் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரி. "போஸ்ட் ஆபீஸ் முக்கு வந்தால், வலது பக்கம் திரும்பி லைப்ரரிக்குப் போவேன்." கட்டுப்பாடாக இருப்பேன் என்று பொதுவாகச் சபதம் போடுவதைவிட, இன்ன இடம் வந்தால் இன்னது செய்வேன் என்று முன்னாடியே முடிவு பண்ணி வைத்தால் காரியம் நடக்குமாம். கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1990களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். முப்பது வருஷம் கணக்குப் பாடத்தில் 'எனில், எனில்' என்று சொல்லிக்கொடுத்தவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

ராத்திரி மாத்திரை அட்டை இப்போது மோர்ச் செம்புக்குப் பக்கத்தில். மோர்சாதம் முடிந்தால் மாத்திரை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறாள் உன் அத்தை. லண்டனில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்ததாம். சிலருக்கு 18, சிலருக்கு 254. நான் அந்த 254 கோஷ்டி. செவ்வாய்க்கிழமை கால் தானாகவே இடது பக்கம் திரும்பிவிட்டது. ஒரே ஒரு பஜ்ஜி. நோட்டில் பஜ்ஜி என்றே எழுதினேன்.

அப்புறம் உன் விஷயம். தினமும் எட்டு மணிக்கு "சுகர் எவ்வளவுப்பா?" என்று கேட்கிறாய். பாசம்தான், தெரியும். எனக்கு என்னவோ மார்க் கேட்கிற மாதிரியே இருக்கிறது. ஏழாவது படிக்கும்போது ராங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டாயே, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

இனிமேல் "இன்னைக்கு எந்தப் பக்கம் திரும்பினீங்க?" என்று கேள். உள்ளதைச் சொல்கிறேன். அம்மாவிடம் மட்டும் அந்த 142 விஷயத்தைச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா