‘அடிச்சிருப்பேன்’ என்றால் என்ன அர்த்தம்?

சிங்கப்பூர்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, அதனால்தான் பதில் தாமதம் என்று எழுதினால், "எழுதுவது கையால்தானே?" என்று கேட்பாய். சரி, சோம்பல்தான். ஆனால் முழங்கால் வலியும் உண்மை. மின்தூக்கி பழுதாகி இரண்டு நாள் ஏழு மாடி ஏறி இறங்கியதில் கூடிவிட்டது. பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், சட்டம் படிக்கிறாள். வீட்டில் இப்போது நான் எது சொன்னாலும் "தாத்தா, அதுக்கு ஆதாரம் என்ன?" என்கிறாள்.

உறையூரில் உட்கார்ந்துகொண்டு நீ கேட்ட கேள்வி என்னைக் கொஞ்சம் சீண்டிவிட்டது. "உங்க ஊர்ல எதிர்க்கட்சின்னு பத்துப் பேர் இருக்காங்களே, எல்லா வாக்கெடுப்பிலும் தோற்கத்தானே போறாங்க, எதுக்குப் பேசி நேரத்தை வீணாக்கணும்?" என்று எழுதியிருந்தாய். உங்க ஊர் என்கிறாயே, நீயும் ஐம்பது வருஷம் இருந்த ஊர்தானே! 1981-ல் ஆன்சன் இடைத்தேர்தலின்போது தஞ்சோங் பகார் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனதே நீதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எதிர்க்கட்சி வேட்பாளர் ஜெயரத்தினம் ஜெயிக்கவே மாட்டார் என்று ஐந்து வெள்ளி பந்தயம் கட்டினாய். அந்த ஐந்து வெள்ளி இன்னும் வரவில்லை.

பதில் சொல்ல அந்த எதிர்க்கட்சி உறுப்பினர்களில் ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறேன், சில்வியா லிம். அவர் 90-களின் தொடக்கத்தில் மூன்று ஆண்டு காவல்துறையில் ஆய்வாளராக இருந்தவர் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. அப்புறம் வழக்கறிஞர், தொழிற்கல்லூரியில் சட்ட விரிவுரையாளர். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியில் (Workers' Party) சேர்ந்தது 2001-ல், அதன் தலைவரானது 2003-ல். 2006-ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியில், அதாவது பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் தொகுதியில், தோற்று, தோற்றவர்களில் நல்ல வாக்கு வாங்கியதால் தொகுதியில்லா உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் போனார். அப்போது அந்தப் பதவியில் இருப்பவர் வரவுசெலவுத் திட்டத்துக்குக்கூட வாக்களிக்க முடியாது. பேசலாம், அவ்வளவுதான். 84 தொகுதி இடங்களில் எதிர்க்கட்சிக்கு இரண்டு. 2011-ல்தான் அதே அல்ஜுனிட்டில் ஜெயித்து முழு உறுப்பினரானார், இன்றுவரை அங்கேதான்.

இவர் உள்துறை பற்றிப் பேசும்போது நான் காது கொடுப்பதற்குக் காரணம் கட்சி இல்லை, என் பழைய வேலை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருபத்தெட்டு வருஷம். ஒரு வழக்கு மட்டும் சொல்கிறேன், ஆள் பேர் வேண்டாம். விடுதிச் சமையலறையில் தண்ணீர் வாளிக்காகச் சண்டை. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், வயது இருபத்து மூன்று இருக்கும். காவல்துறையில் கொடுத்த வாக்குமூலத்தில் "எனக்குக் கோபம் வந்தது, அவனை அடித்தேன்" என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று இருந்தது. நீதிமன்றத்தில் அவனோ, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறான். என்னப்பா சொன்னாய் என்றால், "என்ன நடந்துச்சுன்னே தெரியல சார், கோபத்துல அடிச்சிருப்பேன்னு சொன்னேன்" என்கிறான்.

இந்த ‘அடிச்சிருப்பேன்’ இருக்கிறதே, இதை நீதிபதிக்கு எப்படிச் சொல்வாய்? அடித்திருக்கக்கூடும், நினைவில்லை என்பது ஓர் அர்த்தம். விட்டிருந்தால் அடித்திருப்பேன், ஆனால் அடிக்கவில்லை என்பது இன்னோர் அர்த்தம். முதலாவது பாதி ஒப்புதல், இரண்டாவது மறுப்பு. குரல் எங்கே ஏறி எங்கே இறங்கியது என்று கேட்டிருந்தால்தான் சொல்ல முடியும். நான் அன்று அந்த அறையில் இல்லை. ஒலிப்பதிவும் இல்லை, படப்பதிவும் இல்லை. இருந்தது ஒரு தாளும் கீழே அவன் கையெழுத்தும். இரண்டு அர்த்தத்தையும் சொன்னேன். பையன் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஊருக்குப் போனான். சண்டை போட்டானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால்தான், விசாரணையைக் காணொளியில் பதிவு செய்யுங்கள், பிடிபட்டவர் வழக்கறிஞரைச் சீக்கிரம் பார்க்க விடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் சில்வியா லிம் பல தடவை கேட்டபோது எனக்கு உறைத்தது. மேடையில் முழங்குகிற ரகமில்லை அவர். சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லி, பழைய தீர்ப்பைச் சொல்லி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி போவார். சில நேரம் கொட்டாவிகூட வரும், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் காவல்துறையில் இருந்தவர் என்பதால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும். 2018-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, காணொளிப் பதிவைக் கொண்டுவந்தார்கள். பாலியல் வன்முறை வழக்குகளில் சந்தேக நபர்களிடமிருந்து தொடங்கினார்கள். சில்வியா லிம் கேட்டதால்தான் வந்தது என்று நான் கொடி பிடிக்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் வழக்கறிஞர்களும் சேர்ந்து தள்ளியதுதான். ஆனால் கேட்டது நாடாளுமன்றப் பதிவேட்டில் தேதியோடு இருக்கிறது.

அதே 2018, பிப்ரவரியில் அவர் தரப்பு வாக்கெடுப்பில் தோற்றதையும் சொல்ல வேண்டும். குற்றவியல் சட்டத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் என்று ஒன்று, விசாரணை இல்லாமல் ஆளைத் தடுத்து வைக்க. குண்டர் கும்பலில் சாட்சி சொல்ல ஆள் பயப்படுகிறது என்பதற்காக. 1955-ல் வந்தது. தற்காலிகம்! ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நீட்டிக்கிறார்கள், 2024-லும் நீட்டித்தாகிவிட்டது. உனக்கும் எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான் அந்தச் சட்டத்துக்கு, நாம்தான் தற்காலிகம்.

2015-ல் கால்பந்து ஆட்ட முடிவுகளைப் பேரம்பேசி அமைத்ததாகச் சொல்லப்பட்ட ஒருவரை, இந்தச் சட்டத்தில் தடுத்து வைத்தது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. வெளிநாட்டு ஆட்டங்களை அவர் கெடுத்ததாக இருந்தாலும், அதனால் சிங்கப்பூரின் பொதுப் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து என்று காட்டவில்லையே என்றது. ஒரு வாரத்துக்குள் ஆள் மறுபடி கைது, அது வேறு கதை. 2018-ல் வந்த திருத்தம், எந்தெந்தக் குற்றத்துக்கு இந்தச் சட்டம் என்று பட்டியல் போட்டது. அது நல்லதுதான். கூடவே ஆளைத் தடுத்து வைக்கும் அமைச்சரின் முடிவு ‘இறுதியானது’ என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தது. நீதிமன்றத்துக்கு இருக்கும் மறுஆய்வு அதிகாரம் போகாது என்று அப்போதைய உள்துறை, சட்ட அமைச்சர் சண்முகம் விளக்கினார். அப்படியானால் அந்த வார்த்தை எதற்கு என்பதுதான் பாட்டாளிக் கட்சியின் வாதம். வார்த்தைகளை விற்றுப் பிழைத்த எனக்கும் அதே சந்தேகம். வேலை இல்லாத வார்த்தையை எந்தச் சட்ட வரைவாளரும் உள்ளே வைக்கமாட்டார். எதிர்த்து வாக்களித்தவர்கள் 10 பேர். மசோதா நிறைவேறியது.

இதில் எனக்குப் பழைய ஞாபகம் வேறு. 1988 டிசம்பரில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடுத்து வைத்ததை நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே சட்டத்தைத் திருத்திக் கதவைச் சாத்தினார்கள். அப்போது நாம் காப்பிக்கடையில் இதைப் பற்றி மெதுவான குரலில் பேசினோமே, நினைவிருக்கிறதா? பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்துப் பேசுவாய். இப்போது என் பேத்தி எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு சத்தமாகப் பேசுகிறாள். நான்தான் இன்னும் பக்கத்தில் யார் என்று பார்க்கிறேன்.

தேக்காவையும், அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தையும், விட முடியாது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தில் அடிபட்டு நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் இறந்ததும் கலவரம் வெடித்தது. மறுநாள் உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆம்புலன்ஸ் எரிந்த படம் பார்த்து எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. 57 பேரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்த பிப்ரவரி 18-ல், அந்த வட்டாரத்தில் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் ஒரு வருஷச் சட்டம் நிறைவேறியது. நீதிபதியாக இருந்த பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழுவின் முதல் அமர்வு எப்போது தெரியுமா? மறுநாள், 19-ஆம் தேதி! குழு இன்னும் ஒரு சாட்சியைக்கூடக் கேட்கவில்லை, அதற்குள் ஏன் அவசரம் என்பதுதான் எதிர்த்தரப்பு கேட்டது. தேர்தலில் ஓட்டே போட முடியாத தொழிலாளிகளுக்காகக் கேட்டதால் யாருக்கும் ஒரு வாக்கு கூடியிருக்காது. குறைந்துகூட இருக்கலாம், குடித்துவிட்டுக் கூச்சல் போடுகிறார்கள் என்று அந்த வட்டாரக் குடியிருப்பாளர்களுக்கும் குறை இருந்ததே.

கடைசியாக, என் மனதில் நின்றது 2020 நவம்பர். இந்தோனேசியாவிலிருந்து வந்த பணிப்பெண் ஒருவர், முதலாளி வீட்டில் திருடினார் என்று கீழ் நீதிமன்றத்தில் 26 மாதம் தண்டனை பெற்றவர். உயர் நீதிமன்றம் செப்டம்பரில் விடுதலை செய்தது. பொருள்களைக் கைப்பற்றி வைத்திருந்த முறையில் ஓட்டை. வாக்குமூலம் எடுத்தபோது அவருடைய இந்தோனேசிய மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பதும் தீர்ப்பில் இருந்தது. மலாயும் இந்தோனேசிய மொழியும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள், யாழ்ப்பாணத்து ஆள் பேசுவதைக் கோயம்புத்தூர்க்காரரை விட்டு வாக்குமூலம் எழுதச் சொல்லிப் பார்க்கட்டும்.

அதை ஒட்டி, நீதித்துறை நடைமுறையில் வசதி இல்லாதவர்களுக்கும் நியாயம் எட்ட வேண்டும், முழுமையாக ஆராயுங்கள் என்று சில்வியா லிம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நீண்ட விவாதம். சண்முகத்துக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதத்தை நான் சோறு ஆறவிட்டுப் பார்த்தேன். சண்முகம் வாதத்தில் சூரர், அதை மறுக்க முடியாது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் திருத்தம் கொண்டுவந்து வாசகத்தை மாற்ற, மாற்றியதுதான் நிறைவேறியது. ஆனால் அந்த விவாதத்தில்தான், வசதி இல்லாதவர்களுக்காக வாதாடும் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் அமைக்கலாமா என்று பார்த்துவருவதாக அரசாங்கம் சொன்னது. 2022 டிசம்பரில் அலுவலகம் திறந்தும் விட்டார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். அந்தப் பணிப்பெண் இன்று அதே வழக்கில் மாட்டினால் அங்கே இடம் கிடையாது, என் புதுக்கோட்டைப் பையனுக்கும் கிடையாது.

சில்வியா லிம்மை நான் தெய்வமாக்கவில்லை. தொகுதிக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பணம் பற்றிய வழக்கில் அவரும் அவர் கட்சிக்காரர்களும் வருஷக்கணக்கில் அலைந்தார்கள், நீதிமன்றம் அவர்களைக் குறையும் சொன்னது. உனக்கு வேண்டுமானால் அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம். என் பேத்தியோ, அவர் இன்னும் கடுமையாகக் கேட்டிருக்க வேண்டும் என்கிறாள். போன வாரம் அவளுக்கு ‘அடிச்சிருப்பேன்’ கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அன்னிக்கு நீங்க ரெண்டு அர்த்தமும் சொன்னீங்கன்னு நீதிமன்றப் பதிவுல இருக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, தேடிப் பார்க்கப் போகிறாளாம்.

நீ கேட்ட கோடாலித் தைலம் ஆறு குப்பி வாங்கி வைத்திருக்கிறேன். மாமியின் தம்பி மகன் அடுத்த மாதம் திருச்சி வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் கையில் அந்த ஐந்து வெள்ளியைக் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் மணியம்