புது பிராசசர் வேகம் குறைந்து ஓடியது தொடர்பாகப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
ரிச்சி தெரு கிளை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

பெரம்பூரில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஏப்ரல் கடைசி வாரம் உங்கள் கடைக்கு என் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, பழைய ரைசன் 3 3200ஜி பிராசசரை எடுத்துவிட்டு ரைசன் 7 5700எக்ஸ் போட்டேன். இந்த பிராசசரின் பெட்டியில் கூலர் (பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கருவி) வராது. அதனால் டவர் கூலர் ஒன்றையும் உங்களிடமே வாங்கினேன். பொருத்துவதற்கு 1,200 ரூபாய் கொடுத்தேன். வேலைச் சீட்டில் ‘டெஸ்டட் ஓகே’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். அந்த இரண்டு வார்த்தைகளை நம்பித்தான் வைகாசி முகூர்த்த வேலைகளுக்கு முன்பணம் வாங்கினேன்.

முதல் ரெண்டரிலேயே (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நான்கு கோரிலிருந்து (பிராசசருக்குள் தனித்தனியாக உழைக்கும் பகுதி) எட்டு கோருக்கு மாறியிருக்கிறேன். ஆனால் பழையதில் 1 மணி 50 நிமிடம் எடுத்த வேலை புதியதில் 1 மணி 35 நிமிடம் எடுத்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ். இந்த பிராசசரின் அடிப்படை வேகம் 3.4, உச்ச வேகம் 4.6. எட்டு கோரும் ஒன்றாக உழைக்கும்போது 4.6 வராது என்பது எனக்குத் தெரியும், அதை நான் கேட்கவும் இல்லை. சும்மா இருக்கும்போது வேகம் இறங்குவதும் இயல்புதான். ஆனால் முழு வேலை நடக்கும் நேரத்தில் அடிப்படை வேகத்துக்கும் கீழே போகக் கூடாது அல்லவா?

போனில் சொன்னேன். விண்டோஸ் பவர் பிளானை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள், மாற்றினேன். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் ஈக்கோ மோடு ஆன் ஆகியிருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. அப்போது நானே ஒன்றைக் கவனித்தேன். என் பி450 மதர்போர்டில் 5000 வரிசை பிராசசர் ஓட பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். அதை நீங்கள் செய்தது சரி. ஆனால் அப்டேட்டுக்குப் பிறகு செட்டிங் எல்லாம் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய்விட்டதால், 3200 வேகத்தில் ஓட வேண்டிய என் ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆன் செய்ததும் ரேம் சரியானது. பிராசசர் வேகம் மட்டும் அப்படியே இருந்தது.

ஆட்டோ பிடித்து மறுபடியும் கடைக்கு எடுத்து வந்தேன். ரெண்டர் செய்யும்போது சூடு 90 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கிறது என்று போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். 90 என்பது இந்த பிராசசருக்கு நிர்ணயித்த எல்லை. அதை எட்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைக்கும். கவுண்டரில் இருந்தவர், ‘கத்திரி வெயில் சார், சென்னைல இப்படித்தான் இருக்கும், ஏசி போடுங்க’ என்றார். அரைமணி நேரம் கழித்து, போர்டு பழசு, இந்த பிராசசருக்குத் தாங்காது, 9,500 ரூபாய்க்குப் புது மதர்போர்டு போடுங்கள் என்று சொல்லி, செக்கிங் சார்ஜ் 500 வாங்கிக்கொண்டார். நான் பக்கத்திலேயேதான் நின்றேன். கூலரை யாரும் கழற்றவில்லை.

அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் அன்றே கட்டியிருப்பேன். இல்லாததால் வீட்டுக்கு வந்து, அக்கா மகனை உட்கார வைத்து, நாங்களே திறந்தோம். நீங்கள் கேபினட்டில் ஒட்டிய வாரண்டி சீலைக் கிழித்தது நான்தான், மறைக்கவில்லை. கிழித்ததிலிருந்து கடைசி ஸ்க்ரூ வரை நிறுத்தாமல் வீடியோ எடுத்திருக்கிறோம். இந்த வகை சாக்கெட்டில் கூலரை இழுத்தால் பிராசசரும் கூடவே பிய்ந்து வந்து, அதன் அடியில் உள்ள ஊசி போன்ற பின்கள் வளைந்துவிடும் என்ற பயத்தில், சூட்டில் பிடி இளகட்டும் என்று பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, மெதுவாகத் திருகித் திருகி எடுத்தோம்.

கூலரின் அடிப்பாகத்தில், புதிதாக வரும்போது ஒட்டியிருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டை அதன்மேல்தான் தடவியிருக்கிறார்கள். சூட்டைக் கடத்த வேண்டிய உலோகத்துக்கும் பிராசசருக்கும் நடுவில் பிளாஸ்டிக். பொருத்துவதற்கு முன் அதை உரிக்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது.

தாளை உரித்தோம், பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புது பேஸ்ட் வைத்து மாட்டினோம். அதே அறை, அதே வெயில், அதே போர்டு, ஏசி இல்லை. ரெண்டரில் சூடு 71, வேகம் 4 கிகாஹெர்ட்ஸ். 1 மணி 35 நிமிட வேலை 52 நிமிடத்தில் முடிந்தது.

பொருத்திய தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் மூன்று கம்ப்யூட்டரை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார், யாருக்கும் கை தவறும். சோதிக்காமலேயே சோதித்ததாக எழுதியதையும், திறந்து பார்க்காமலேயே 9,500 ரூபாய் செலவு சொன்னதையும்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பத்து நிமிடம் முழு லோடு கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இந்த மூன்று வாரத்தில் இரண்டு ஆல்பம் வீடியோக்களைத் தாமதமாகக் கொடுத்தேன். ஒரு வீட்டார் பாக்கிப் பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பொருத்திய கூலி 1,200 ரூபாயையும் செக்கிங் சார்ஜ் 500 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். மூன்று வாரம் 90 டிகிரியில் ஓடியது உங்கள் பொருத்தல் பிழையால்தான் என்பதையும், சீல் கிழிந்ததைக் காரணம் காட்டிப் பிராசசரின் 3 ஆண்டு வாரண்டியை மறுக்க மாட்டீர்கள் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். அப்புறம், இனிமேல் யாருக்குப் பொருத்தினாலும் முழு லோடில் எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்ற இரண்டு எண்களை வேலைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ‘ஓகே’ என்பதைவிட அது எங்களுக்கு உதவும்.

பில், வேலைச் சீட்டு, வீடியோ, உரித்த தாளின் படம் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன். தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். தேவைப்பட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்திலும் மனு கொடுப்பேன். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் கடைக்கு நேரில் வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.