‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பு’ என்று எழுதும் ஏல நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழங்கால நாணயங்களை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உங்கள் பட்டியல்களை வரி விடாமல் படிக்கிறவன் நான். எடையை மில்லிகிராம் சுத்தமாகத் தருகிறீர்கள். விட்டம், அச்சின் திசை, நூல்களில் உள்ள வகை எண் எல்லாம் இருக்கின்றன. அந்தக் காசு யார் யார் கை மாறி வந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ஒற்றை வரி: ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து’. எந்த நாடு, யாருடைய சேகரிப்பு, எந்த ஆண்டு? சரிபார்க்க வழியே இல்லாத ஒரு வரியை நம்பி நாங்கள் ஏலம் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு வரியோடு வந்த சிசிலித் தீவில் இருந்த பண்டைய கிரேக்க நகரமான சைரக்யூஸின் நான்கு திராக்மா (பழைய கிரேக்க நாணய அலகு) வெள்ளிக்காசு ஒன்றை நான் ஏலத்தில் எடுத்தேன். முன்னே யாரிடம் இருந்தது என்று கேட்டேன். விற்பனைக்குக் கொடுத்தவர் பற்றிச் சொல்ல இயலாது என்றார்கள். அது நியாயம்தான். கூடவே பழைய சீட்டு ஏதும் வந்ததா என்று கேட்டேன். உறை மாற்றும்போது எடுத்துப் போட்டுவிட்டோம் என்றார்கள். அந்தப் பதிலைப் படித்ததும் மனசு ஆறவில்லை. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் வட்டமாக வெட்டிய சின்ன அட்டைச் சீட்டில் எடை, வாங்கிய தேதி, விற்றவரின் பெயர் என்று மையால் எழுதி வைப்பார்கள். அந்தக் கையெழுத்தைக் கொண்டே சேகரித்தவர் யாரென்று அடையாளம் காணக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

சீட்டு போன பிறகு எனக்கு மிஞ்சியது காசு மட்டுமே. சுத்தியலால் அடித்த காசு என்பதால் ஒரே அச்சில் விழுந்த இரண்டுகூட ஒன்றுபோல் இருக்காது. நீரூற்றுத் தேவதை அரெதூசாவின் தலையைச் சுற்றி நீந்தும் டால்பின்களில் ஒன்றின் வால் என் காசில் வெள்ளி வில்லையின் விளிம்புக்கு வெளியே போய், பதியாமல் விட்டுப்போயிருக்கிறது. நெற்றிக்கு எதிரே விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகமும் நியூமன் நாணயவியல் இணையதளமும் இலவசமாக வைத்திருக்கும் பழைய ஏலப் பட்டியல்களை இரவு இரவாகப் புரட்டினேன். அக்காலத்தில் பலரும் காசின் பிளாஸ்டர் வார்ப்பைத்தான் படமெடுத்துப் போட்டார்கள். நிறம் தெரியாது, விளிம்பு தெளிவாகத் தெரியும். 1970-க்கு வெகு முன்பே அச்சான ஒரு பட்டியலில் அதே வால், அதே வெடிப்பு! நான் தேடியதை நீங்களும் தேடியிருக்கலாமே. உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், நூலகமும் இருக்கிறது.

1970 என்று சும்மா சொல்லவில்லை. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த ஆண்டில்தான் வந்தது. ஒரு பொருள் அதற்கு முன்பே வெளியே வந்ததா என்று பார்க்கப் பல அருங்காட்சியகங்கள் அதையே எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. அமெரிக்கா 2007-இல் சைப்ரஸ் காசுகளுக்கும் 2011-இல் இத்தாலியக் காசுகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்தது. துருக்கியில் 1984-இல் தோண்டியெடுத்துக் கடத்தப்பட்ட எல்மலி புதையலின் காசுகளில் பெரும்பகுதி 1999-இல்தான் திரும்பிப் போனது. அத்தகைய புதையல் சிதறினால் எந்தக் காசு எதனோடு கிடந்தது என்பதும் போய்விடும். காசுகளுக்குக் காலம் கணிப்பதே பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

பெயர் போட்டுவிட்டால் மட்டும் போதுமா? சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் அடித்த பொற்காசு, இரண்டு குத்துவாள் பொறித்தது, 2020 அக்டோபரில் லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. பட்டியலில் ஒரு சேகரிப்பின் பெயர் கம்பீரமாக இருந்தது. அந்த வரலாறு பொய். 2023 மார்ச்சில் காசு கிரீஸிடம் ஒப்படைக்கப்பட்டது. விற்ற நிறுவனத்தின் தலைவர் அதே ஆண்டு நியூயார்க்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆகவே பெயரோடு ஆதாரமும் வேண்டும்: எந்த ஏலம், என்ன தேதி, லாட் எண் (ஏலப் பொருளின் வரிசை எண்), படம் இருக்கும் பக்கம். ரசீது இருந்தால் அதன் படத்தையும் போடுங்கள், விலாசத்தை மறைத்துவிட்டு.

எல்லாக் காசுக்கும் நூறு ஆண்டு வரலாறு கேட்கவில்லை. வாரிசுகளுக்குத் தெரியாமலே எத்தனையோ சீட்டுகள் தொலைந்திருக்கின்றன. ‘2003-இல் ஒரு வியாபாரியிடம் வாங்கியது, அதற்கு முன் தெரியவில்லை’ என்று எழுதினால் நான் அதை மதிப்பேன், விலையும் கேட்பேன். பழைய பட்டியலில் இருப்பதாலேயே காசு அசல் என்றும் நான் சொல்ல மாட்டேன். பெக்கர் என்ற ஜெர்மானியர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேர்ந்த போலிகளைச் செய்துவிட்டார்.

அந்தச் சைரக்யூஸ் காசை விற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும். நான் அதற்குப் புதுச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: பழைய பட்டியலின் தேதியும் எண்ணும், அதன் கீழே உங்கள் ஏலத்தின் தேதியும் லாட் எண்ணும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வரி காலியாக இருக்கிறது. காசைக் கொடுத்தவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பெயர் வேண்டாம், ஆண்டு தெரிந்தாலும் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஏலங்களில் காசு வாங்கும் ஒருவன்