கறிவேப்பிலைப் புழுவும் படப்புத்தகமும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பள்ளிக்கு வந்திருக்கும் அறிவியல் படப்புத்தகங்களை 3ஆம் வகுப்பில் எப்படிக் கையாள்வது என்று கேட்டிருந்தாய். தொடக்கத்தில் நான் அதைத் தவறாகவே செய்தேன். புத்தகத்தை உயர்த்திப் பிடித்து எழுத்தை மட்டும் உரக்க வாசிப்பேன். படம் தானாகவே புரிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். நீர்ச் சுழற்சிப் படத்தில் கடலிலிருந்து மேகத்துக்கு ஏறும் அம்புக்குறிகளைக் காட்டி, “இந்த நீலக் குழாய் எந்த ஊரில் இருக்கிறது, டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அம்புக்குறியும், குறுக்காக வெட்டிக் காட்டும் படமும், பூதக்கண்ணாடி வட்டமும் நமக்குப் பழகியவை. 8 வயதுப் பிள்ளைக்கு அவையும் புதிதாகக் கற்க வேண்டிய எழுத்துகளே.

இப்போது எழுத்தைத் தாளால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் முதலில் காட்டுகிறேன். “இது நிஜத்தில் எவ்வளவு பெரிது, விரலால் காட்டு” என்று கேட்டுவிட்டே பக்கத்தைத் திருப்புகிறேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக உருப்போட்ட கல்வியாளர் கொமேனியஸ் நினைவிருக்கிறாரா? 1658இல் வெளிவந்த அவருடைய படப் பாடநூலில், படத்திலுள்ள பொருளுக்கு ஓர் எண்ணும், அதைக் குறிக்கும் சொல்லுக்கு அதே எண்ணும் இட்டிருந்தார். அன்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதி மறந்த செய்தி இப்போது கைகொடுக்கிறது: பிள்ளைகளே படத்துக்கு எண்ணிட்டுத் தங்கள் சொல்லை எழுதுகிறார்கள். வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கு ஒருத்தி ‘ஸ்ட்ரா’ என்று எழுதியிருந்தாள், நான் அதை அடித்துத் திருத்தவில்லை.

சென்ற பருவத்தில் நடந்ததையும் எழுதுகிறேன். எங்கள் சமையற்கூடத்தின் பின்னால் நிற்கும் கறிவேப்பிலை மரத்தில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் கண்ணில் பட்டன. முதலில் அவற்றைப் பறவை எச்சம் என்றே எல்லோரும் நினைத்தோம். எச்சம் நகர்ந்தபோது வகுப்பே கூச்சலிட்டது. சில நாளில் அவை இலைப்பச்சையாக மாறின. ஈர்க்குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவைக்கொம்பு ஒன்று நீளும், நெடியும் வீசும். பிறகு ஒரு புழு கூட்டுப்புழுவானது. பனையேறியின் இடுப்புக் கயிறு போல ஒற்றை நூல் அதைக் கிளையோடு கட்டியிருந்தது. மற்றபடி மேலே எந்த உறையும் இல்லை.

புத்தகத்திலோ வண்ணத்துப்பூச்சி பஞ்சு போன்ற நூற்கூட்டைக் கிழித்து வெளியே வருவதாக வரைந்திருந்தது! எனக்கு அது அதுவரை உறுத்தவேயில்லை. “புத்தகத்தில் தப்பாகப் போடுவார்களா, டீச்சர்?” என்று பின்வரிசைச் சிறுமி கேட்டாள். பட்டுப்புழு பற்றிய இன்னொரு புத்தகத்தை எடுத்து இரண்டையும் அருகருகே விரித்து வைத்தேன். நூற்கூடு கட்டுவது பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகளின் வழக்கம் என்று பிள்ளைகள் தாங்களாகவே பேசி முடிவுக்கு வந்தார்கள். அன்று அந்தச் சிறுமி ஒட்டிய திருத்தச் சீட்டு அப்பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பிழையுள்ள படம் என்று அந்தப் புத்தகத்தை ஒதுக்க எனக்கு மனமில்லை. அவ்வளவு கவனமாக அவர்கள் வேறெந்தப் பக்கத்தையும் வாசித்ததில்லை.

உங்கள் பள்ளியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் அந்த இலைகளில் முட்டை தென்படுகிறதா என்று பார். இருந்தால், சத்துணவு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு கிளையை விட்டுவைக்கச் செய். எங்கள் முதல் கூட்டுப்புழு சாம்பாருக்குப் பறித்த கொத்தோடு போய்விட்டது.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி