பிரிவினை நினைவு நாளில் பஞ்சாபிக் கதைகளுக்கும் இடம் கொடுங்கள்: பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 14ஆம் நாளைப் பிரிவினைக் கொடுமைகள் நினைவு நாளாக ஒன்றிய அரசு 2021இல் அறிவித்தது. அதையொட்டிக் கண்காட்சி நடத்துமாறு உயர்கல்வி நிறுவனங்களைத் தாங்களும் கேட்டுக்கொண்டீர்கள். கல்லூரியில் இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பஞ்சாபின் ஊர்கள் சிதைந்த கதையை அந்த மண்ணில் பிறந்தவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த நாவல்களையும் சிறுகதைகளையும் மாணவர்கள் முழுமையாக வாசிக்க அந்த நாளில் வழிசெய்ய வேண்டும்.

ரயில் கூரைமேல் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் அகதிகளின் புகைப்படம் பார்ப்பவர் நெஞ்சை உலுக்கும். ஆயினும், தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் வாழ்ந்தவர்களில் ஒருவர் பக்கத்து வீட்டுக்குத் தீ வைக்கக் கிளம்பியதும், இன்னொருவர் அதே வீட்டாரைத் தன் வீட்டில் ஒளித்துவைத்ததும் எப்படி நேர்ந்தன என்பதை அந்தப் படம் சொல்லாது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர் என்ற புள்ளிவிவரமும் சொல்லாது.

இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டி மாவட்டத்துச் சீக்கியர்களும் இந்துக்களும் எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பே, 1947 மார்ச்சிலேயே, தாக்குதலுக்கு ஆளானார்கள். நானக் சிங் அடுத்த ஆண்டே எழுதிய ‘கூன் தே சோஹிலே’ என்ற நாவல் ராவல்பிண்டியை உள்ளடக்கிய போட்டோஹார் பகுதியில்தான், சோன் ஆற்றங்கரையின் சக்ரி என்ற ஊரில் நிகழ்கிறது. ராவல்பிண்டியை ஒட்டிய தமியால் என்ற ஊரில் பிறந்த கர்த்தார் சிங் துக்கல், தம் ஊரையே களமாக்கி ‘நகமும் சதையும்’ என்று பொருள்படும் தலைப்பில் 1951இல் ஒரு நாவல் எழுதினார். இவ்விரு நாவல்களிலும் வன்முறை இடியாக வந்து விழுவதில்லை. வெளியூரிலிருந்து வரும் பேச்சும் வதந்தியும் மெல்ல ஊருக்குள் இறங்குகின்றன; நேற்றுவரை அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள் தங்கள் சொல்லுக்கு இனி மதிப்பில்லை என்று உணரும் நிலை வருகிறது.

பழைய ஊரை மாசற்ற சொர்க்கமாகக் காட்டும் சாய்வு இந்த நாவல்களில் ஓரளவு உண்டு. அதனால்தான் இவற்றுடன் அம்ரிதா ப்ரீதமின் ‘பிஞ்ஜர்’ நாவலும் (1950) கட்டாயம் இடம்பெற வேண்டும் என்கிறேன். அதில் பூரோ என்ற இந்துப் பெண் கடத்தப்படுவது பிரிவினைக்கு முன்பே நிகழ்கிறது. இரு குடும்பங்களின் பழைய பகைக்கு அவள் விலையாகிறாள். தப்பித்துத் தாய்வீட்டுக்கு ஓடிவந்தவளைப் பெற்றோரே ஏற்க மறுக்கிறார்கள். நாட்டுப் பிரிவினை வருவதற்குள் அவள் ஹமீதாவாகிவிடுகிறாள், அந்தப் பெயர் அவள் கையில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. பிறகு தன் சகோதரனின் மனைவியைக் காப்பாற்றி அனுப்பிவைக்கும் அவள், தானும் எல்லை தாண்டும் வாய்ப்பு வரும்போது போக மறுக்கிறாள். குற்றம் எதிர்த்தரப்பில் மட்டும் இருந்தது என்று நம்ப விரும்பும் எந்த வாசகரையும் இந்த நாவல் நிம்மதியாக இருக்க விடாது.

ஒரே ஒரு கதைக்குத்தான் நேரம் உண்டு என்றால், குல்வந்த் சிங் விர்க்கின் ‘கப்பல்’ கதையைத் தேர்ந்தெடுங்கள். கப்பல் என்பது நம் அறுகம்புல். கடத்தப்பட்ட பெண்களை மீட்பதற்காகப் பாகிஸ்தானில் பணியாற்றும் இந்திய அலுவலர் ஒருவர், உறவினர் அனைவரையும் இழந்து அங்கேயே ஒருவன் வீட்டில் இருக்கும் சீக்கியப் பெண்ணைச் சந்திக்கிறார். தன்னைத் திரும்ப அழைத்துப் போகுமாறு அவள் கேட்பாள் என்று நாம் எதிர்பார்ப்போம். அவளோ தன் சின்ன நாத்தனாரைத் தேடிக் கொண்டுவந்து தன்னிடம் சேர்க்குமாறு வேண்டுகிறாள். அந்த நாத்தனாருக்கு இங்கேயே ஒரு கல்யாணம் செய்துவைத்தால் தனக்கென்று நான்கு உறவு உண்டாகும் என்கிறாள். எத்தனை முறை உழுது பிடுங்கினாலும் மிஞ்சிய துணுக்கிலிருந்து அறுகு மீண்டும் படரும் என்று ஒரு முதியவர் சொன்னது அலுவலருக்கு நினைவு வருகிறது. ‘அறுகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்தும் நமக்கு, அதே புல்லை இந்தப் பெண்ணின் நிலையில் வைத்துப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மீட்பு என்ற பெயரில் இரு அரசுகளும் செய்த பணியில் பெண்ணின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்ற கேள்வியை, கடத்தப்பட்டோரை மீட்பதற்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கற்கும் எங்கள் மாணவர்கள் இந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

இந்தியாவின் பங்காக வந்த கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்களுக்கு நேர்ந்ததையும் விட்டுவிடக் கூடாது. அங்கே பிறந்து, 1947இல் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்து, லாகூரில் வாழ்ந்து பஞ்சாபியில் எழுதிய அஃப்சல் தௌசீஃப் போன்றோரின் எழுத்தும் அதே மேசையில் இருக்க வேண்டும். ஒரு சமயத்தாரின் துயரத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்து போகும் மாணவரிடம் மிஞ்சப்போவது கோபம் ஒன்றுதான் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே, அடுத்த சுற்றறிக்கையில் கண்காட்சியோடு வாசிப்பு அமர்வையும் சேர்க்க வேண்டுகிறேன். கொலைக் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுக்காமல் கதைகளை முழுதாகக் கொடுக்குமாறு அதில் குறிப்பிடுங்கள். இந்த நூல்கள் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும், முடிந்தவரை பஞ்சாபியிலிருந்து நேரடியாகவே மொழிபெயர்க்கப்பட்டு, மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும்படி சாகித்திய அகாதெமியுடனும் நேஷனல் புக் டிரஸ்ட்டுடனும் கலந்துபேசுங்கள். பஞ்சாபித் துறைப் பேராசிரியர்கள் பிற மாநிலக் கல்லூரிகளுக்கு வந்து உரையாற்றுவதற்கான பயணச் செலவையும் தங்கள் குழுவே ஏற்க முன்வந்தால், சிறு ஊர்களில் உள்ள எங்களைப் போன்ற கல்லூரிகளும் இதைச் செய்துகாட்ட இயலும்.

இப்படிக்கு,
இலக்கியம் கற்பிக்கும் ஒரு கல்லூரி ஆசிரியர்