முன்னுரை எழுதப்போவதில்லை, அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் காட்டுயிர்ப் புகைப்படத் தொகுப்புக்கு முன்னுரை கேட்டீர்கள். எழுதப்போவதில்லை. இவ்வளவு நாள் "பார்க்கிறேன் அண்ணா" என்று இழுத்தடித்ததற்கு மன்னித்துவிடுங்கள். நேரில் வந்து சொல்வதுதான் மரியாதை. ஆனால் வந்தால் அண்ணி காபியோடு வந்து உட்காருவார், நீங்கள் பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறப்பீர்கள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அதனால்தான் கடிதம். நாலு பேர் படிக்கிற இடம் என்பதால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களைப் படமெடுக்கக் கூட்டிப்போகிறீர்களே, அந்த டூர் விடுதியின் பெயரையும் கூட வந்தவர்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

முதல் பக்கத்தில் "மா. கிருஷ்ணனுக்குச் சமர்ப்பணம்" என்று போட்டிருக்கிறீர்கள். காட்டுயிர்களைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் வாழ்ந்த கிருஷ்ணனுக்கு. அட்டையில் முதுமலைக் கொம்பன், பின்னால் முழுக்க மஞ்சள் பூ. படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மஞ்சள் கொன்றை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். அது அடர்ந்து நிற்கிற இடத்தில் யானைக்குப் புல் கிடைக்காது. வனத்துறை இப்போது ஆள் வைத்து அதை அகற்றிக்கொண்டிருக்கிறது. காட்டுக்குள் அயல்நாட்டு மரம் எதற்கு என்று வாழ்நாளெல்லாம் சண்டை போட்ட மனிதர் கிருஷ்ணன். அவருக்கு அந்தப் பூவையே பின்னணியாக வைத்துச் சமர்ப்பணமா?

அவரைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நாவலாசிரியர் மாதவையாவின் கடைசிப் பிள்ளை. இன்றைய கர்நாடகத்திலிருக்கும் சண்டூர் சமஸ்தானத்தில் வாத்தியார், நீதிபதி, அரசரின் செயலாளர் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் சென்னைக்கு வந்து, இனி எழுத்தும் படமும்தான் பிழைப்பு என்று உட்கார்ந்தவர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் சாகும்வரை விடவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் ஒரு படி ஏறும்.

அப்புறம் அந்தக் கோத்தகிரி காலை. தேயிலைத் தோட்ட ஓரத்துப் புதரில் செம்மீசைச் சின்னான் கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள், கண்கூடத் திறக்கவில்லை. ஒரு கிளை குறுக்கே மறைத்தது. நான் பையிலிருந்து கத்தியை எடுத்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் என் கையைத் தட்டிவிட்டு, சணல் கயிற்றை எடுத்து அந்தக் கிளையை நோகாமல் வளைத்துப் பக்கத்துச் செடியில் கட்டினீர்கள். படம் எடுத்ததும் அவிழ்த்துவிட்டால் நிழல் பழையபடி வந்துவிடும் என்றீர்கள். முக்காலியில் கேமரா, ஃபிலிமில் மிச்சம் கொஞ்சம். தாய் வாயில் புழுவோடு எதிர்ச் செடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. இறங்கவில்லை. வெயில் குஞ்சுகளின் முதுகைத் தொட்டது. நீங்கள் எழுந்து போய் முடிச்சை அவிழ்த்தீர்கள். "போதும்டா, கிளம்பு" என்றீர்கள். ஒரு படம்கூட எடுக்கவில்லை. இறங்கி வரும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல், பஸ் காசு வீணாயிற்றே என்று. நீங்களோ டீக்கடையில் கிருஷ்ணன் கதையை ஆரம்பித்துவிட்டீர்கள்.

அந்தக் கயிறு கட்டிய கைதான் 61-ஆம் பக்கத்துப் படத்தையும் எடுத்தது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. கூட்டைச் சுற்றி ஓர் இலை இல்லை. வெட்டிய காம்பு வெள்ளையாகத் தெரிகிறது. கம்ப்யூட்டரில் அதையாவது கறுப்பாக்கியிருக்கலாம். நான் வெட்டவில்லை, டூர் பையன்கள் வெட்டினார்கள் என்பீர்கள். சரி. பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? காய்ந்த குச்சியை நட்டு, அதில் புழு வைத்து, பறவையை வரவழைத்து எடுத்த படங்களை எண்ணவே இல்லை.

"கிருஷ்ணன் கையில் இந்த லென்ஸ் இருந்திருந்தால் அவரும் இப்படித்தான் எடுத்திருப்பார்" என்று போனில் சொன்னீர்கள். இருந்திருக்காது அண்ணா. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்துக்கொண்டவர் அவர். ஊரெல்லாம் கலருக்குப் போன பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். அவருடைய யானைப் படத்தில் யானை மட்டும் இருக்காது. அது நிற்கிற புல், பக்கத்து மூங்கில், கூட இருக்கிற யானையின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வரை இருக்கும். அந்த விலங்கு அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று படத்தைப் பார்த்தே எழுதலாம். பின்னணி மொத்தமும் கரைந்துபோய், பறவை மட்டும் அந்தரத்தில் தொங்குகிற நம் படங்களைப் பார்த்து என்ன எழுத முடியும்?

இதைத் தட்டும்போதும் முழுக் கோபம் வரவில்லை. வீட்டுக் கடன், சின்னவளின் கல்லூரிக் கட்டணம், ஒரு படத்துக்குப் பத்திரிகைகள் கொடுத்த அற்பக் காசு, எல்லாம் தெரியும். கட்டணம் கட்டி வந்தவர்களுக்குப் பறவையைக் காட்டாவிட்டால் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். கிருஷ்ணனைப் போலச் சம்பளமில்லாமல் அத்தனை வருடம் ஓட்ட எல்லாராலும் முடியாது. என்னாலும் முடியாது, எனக்கு வங்கி வேலை இருக்கிறது. பிழைப்புக்கு எடுத்தேன் என்று சொல்லிவிட்டிருந்தால் முன்னுரையை அன்றைக்கே எழுதியிருப்பேன். ஆனால் சமர்ப்பணம் போடச் சொல்லி எந்தக் கடன்காரன் கழுத்தைப் பிடித்தான்?

அந்த வரியை எடுத்துவிடுங்கள். அட்டையையும் 61-ஐயும் மாற்றுங்கள். உங்கள் பெட்டியில் அதைவிட நல்ல கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடக்கின்றன, ஸ்கேன் செலவை நான் தருகிறேன். மாற்றாவிட்டாலும் வெளியீட்டுக்கு வருவேன், மேடைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். அப்புறம், எனக்குக் கொடுத்த பழைய 300 எம்எம் லென்ஸைக் கோபத்தில் திருப்பிக் கேட்பீர்கள் என்று அண்ணி சொன்னார். கேட்டாலும் தருவதாக இல்லை.

உங்கள் தம்பி